கரண்ட் இல்லாத இடம்தான் வேணும்

அத்தியாயம் பதினேழு

சாப்பாட்டு மேசையில் தாரே போட்ட குண்டு போன வாரத்தோடு வெடித்து ஓய்ந்துவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு அந்தப் பதினொரு வயதுப் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

"சுசொக் பண்டிகைக்கு முன்னாடியே நான் பூசான் போறேன். அத்தை வீட்டுலயே இருந்து படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல முள்ளங்கிக் கிம்ச்சியைக் கடித்தாள் அல்லவா? அதைக் கேட்ட அம்மா யொன்சு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த வசந்தத்தில்தான் யொன்சுவைக் கல்யாணம் செய்துகொண்ட தோக்யூ, வாயில் போட்ட சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

அழுகை அடங்கியதும் பெண் அடுத்ததைப் போட்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை டென்ட் போடப் போகணும். அப்பா கூட்டிட்டுப் போவாரே, அந்த மாதிரி. கரண்ட் இல்லாத இடம்தான் வேணும்."

அப்பா என்றால் தோக்யூ இல்லை. அப்பா என்றால் மன்ஹோ. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவன். தோக்யூ அந்த வீட்டில் வெறும் அங்கிள்.

அங்கிளுக்குத் தொழில் எலக்ட்ரீஷியன். வொன்ஜு நகரத்தில் பாதி அடுக்குமாடிகளுக்கு வயர் இழுத்தவன். அவனும் டென்ட் போடப் போயிருக்கிறான்தான். பணம் கட்டினால் ஆளுக்கொரு பிளக் பாயிண்ட் தருகிற இடங்களுக்கு. அப்படிப்பட்டவனிடம் கரண்ட் இல்லாத இடமாகப் பார் என்றால், மீனைக் கூப்பிட்டுத் தண்ணீர் இல்லாத குளமாகப் பார் என்று சொன்ன மாதிரிதான். இருந்தாலும் "போகலாம்" என்று உடனே சொன்னான். அந்தப் பெண் அவனிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது.

சனிக்கிழமை காலை. தோக்யூவின் வேலை வேனுக்குப் பின்னால் தாரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், இது என்ன?"

"ரைஸ் குக்கர்."

"எதுல சொருகுவீங்க? மரத்துலயா?"

தோக்யூ குக்கரை எடுத்து வாசலில் வைத்தான். அதன் அடியிலிருந்து ஒரு பாய் எட்டிப் பார்த்தது.

"இது?"

"மலையில ராத்திரி குளிரும்னு... சூடாகற கரண்ட் பாய்."

"அங்கிள்!"

அதுவும் இறங்கியது. சின்ன மின்விசிறி இறங்கியது. மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த நீளமான வயர் சுருளையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இதை எங்க வரைக்கும் இழுக்கறதா இருந்தீங்க? வொன்ஜு வரைக்குமா?" என்று கேட்டதும் வாசலில் நின்றிருந்த யொன்சு சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

யொன்சு நடத்துவது சமைத்த பதார்த்தங்கள் விற்கிற கடை. பண்டிகை நெருங்க நெருங்க வாங்க வருகிறவர்கள் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். "நான் கடையைச் சாத்திட்டு சாயங்கால பஸ்ல வரேன். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரு இடம் பிடிச்சு, எங்க இறங்கணும்னு போன்ல சொல்லுங்க" என்றாள். பிறகு அவன் பக்கம் குனிந்து, "அவ இடம் சொன்னா கேட்டுக்குங்க. அவங்கப்பா அதெல்லாம் நல்லா சொல்லிக் குடுத்திருக்கார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் யொன்சு. இருந்த மனுஷனை இல்லைன்னு சொல்ல முடியுமா?"

சொல்லிவிட்டானே தவிர, வேனை எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட மறந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் போகக் கூடாது. தினமும் காலையில் அவன் எழுந்து வரும்போது, அவன் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பூட்ஸ் வாசலைப் பார்த்தபடி திரும்பி இருக்கும். ராத்திரி அவன் கழற்றி எறிந்தபடி இருக்காது. யார் திருப்பி வைப்பது என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். அப்படி ஒரு பெண் தன்னால்தான் வீட்டை விட்டுப் போகிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

*

மலைப் பாதையில் நுழைந்ததும் முதல் இடத்தை அவன் பார்த்துவிட்டான். ஓடைக்கரை. வெள்ளை வெளேரென்று கூழாங்கல், பக்கத்திலேயே சலசலவென்று தண்ணீர்.

"இதைவிட வேற என்ன வேணும்? காலைல எழுந்து அப்படியே முகம் கழுவிக்கலாம்."

தாரே இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாக விரலை நீட்டினாள். "அந்த மரத்தைப் பாருங்க."

கரையோரம் ஒரு காட்டரளி மாதிரி மரம். கிளைகளில் காய்ந்த புல்லும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் மாட்டிக்கொண்டிருந்தன. தோக்யூவின் தலைக்கு மேலே இருந்தன.

"அதை யாரும் ஏறி மாட்டல. தண்ணிதான் கொண்டுவந்து மாட்டியிருக்கு. மேல மலையில மழை பெஞ்சா இங்க வானம் வெளுத்திருந்தாலும் வெள்ளம் வரும்."

தோக்யூ ரிவர்ஸ் எடுத்தான்.

அடுத்தது பெரிய கஷ்கொட்டை மரத்தின் நிழல். இந்தத் தடவை அவனே இறங்கி நிலத்தை மிதித்துப் பார்த்தான். சமமாக இருந்தது. வெற்றிப் புன்னகையோடு திரும்பினான். தாரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஒரு கிளை பட்டுப் போயிருக்கு. காத்தடிச்சா நம்ம மேலதான் விழும். அப்புறம் இந்த மாசம் கஷ்கொட்டை உதிரும். முள்ளுப் பந்து. டென்ட் சல்லடை ஆயிடும்."

"உங்கப்பா மேலயும் பாப்பாரா?"

"மேல, கீழ, காத்து வர பக்கம், தண்ணி ஓடற பக்கம், கடைசியா பின்னாடி. புதரை விலக்கிப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்காம டென்ட் முளையைத் தொட மாட்டார்."

செத்துப்போனவனிடம் தோற்பது கஷ்டமான காரியம். அவன் தப்பே செய்ய மாட்டான். தோக்யூ வண்டியைக் கிளப்பினான். மூன்றாவது இடம் பள்ளம். அதைப் பார்த்ததுமே அவனுக்கே தெரிந்தது, மழை வந்தால் மூன்று பேரும் சூப்பில் போட்ட முட்டை போல மிதக்க வேண்டியதுதான்.

நாலாவது இடத்தை அவன்தான் கண்டுபிடித்தான். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவனே கண்டுபிடித்தான்.

தார்ச் சாலையிலிருந்து பிரிந்து மிளகாய் வயல்களைத் தாண்டி மேலே ஏறுகிற ஒரு மண்பாதை. அதன் முடிவில் முழங்கால் உயரப் புல் வளர்ந்த ஒரு திட்டு. முதுகுக்குப் பின்னால் மலை, காற்றைத் தடுத்துக்கொண்டு நின்றது. முன்னால் நிலம் மெல்லச் சரிந்து தூரத்தில் ஓடை மின்னியது. வெள்ளம் ஏறாது. மேலே கிளை இல்லை. தண்ணீர் தேங்காது. கிழக்குப் பக்கம் திறந்திருந்ததால் காலை வெயில் நேராக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடிகளை விலக்கினால் அடியில் மேசை போல ஒரு தட்டைக் கல்!

"பாத்தியா தாரே? அடுப்பு வைக்க ஆண்டவனே கல்லைப் போட்டு வெச்சிருக்கான்."

தாரே திட்டின் பின்பக்கம் போனாள். அங்கே புல்லும் செடியும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தன. ஒரு பிடியை விலக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல இடம்தான்" என்றாள்.

தோக்யூவுக்குக் காது வரைக்கும் சிரிப்பு வந்தது. நல்ல இடம்தான்! அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் வாயிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் சபாஷ். அவள் ஏன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள் என்று யோசிக்க அவனுக்குப் புத்தி வரவில்லை. சந்தோஷம் வந்தால் ஆண்பிள்ளைகளுக்குக் கண் அவிந்துவிடும்.

இருவருமாக டென்ட்டை விரித்தார்கள். வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்று அவள் திருப்பிப் போட வைத்தாள். முளையை நேராக அடித்தவனை நிறுத்தி, சாய்த்து அடிக்கச் சொன்னாள். பின்பக்கக் கயிற்றுக்கு முளை அடிக்க அவன் புதருக்குள் நுழைந்தபோது மட்டும், "அங்க வேணாமே" என்றாள்.

"ஏன்? மண்ணு நல்லா இறுகலா இருக்கே."

"சும்மாதான்."

அவன் அடித்தான். ஓங்கி ஓங்கி, சந்தோஷத்தோடு அடித்தான். பிறகு கல்லின் மேல் கேஸ் அடுப்பை வைத்து ராம்யொன் நூடுல்ஸ் கொதிக்கவிட்டான். தாரே தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள்.

"கல்லு மேல வெச்சுச் சாப்பிடு, வசதியா இருக்கும்."

"எனக்குப் பசிக்கல."

*

மோட்டார் சத்தம் முதலில் கீழேயிருந்து வந்தது. புல் வெட்டும் மோட்டார். சுசொக்குக்கு முந்தின வாரங்களில் எந்த மலைக்குப் போனாலும் அந்தச் சத்தம் கேட்கும். முன்னோர் படுத்திருக்கும் மேட்டில் ஒரு வருஷத்துப் புல்லை வெட்டிச் சீராக்காமல் பண்டிகைக்கு யாரும் படையல் வைக்க மாட்டார்கள். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தோக்யூவுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டில் பெரியண்ணன் கூலிக்கு ஆள் வைத்து வெட்டிவிடுவார். அவன் ஒரு தடவைகூட அரிவாளைக் கையில் எடுத்ததில்லை. அதனால் சத்தத்தைக் கேட்டு, "யாரோ வயல்ல வேலை பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு நூடுல்ஸை உறிஞ்சினான்.

சத்தம் பாதையில் ஏறி நேராக அவன் முன்னால் வந்து நின்றது.

முதுகில் மோட்டாரைக் கட்டிய ஒல்லியான பெரியவர். அவருக்கு முன்னால், பூப்போட்ட தளர் கால்சட்டையும் முகத்தை மறைக்கிற தொப்பியும் கையில் அரிவாளுமாக, அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு திடகாத்திரமான அம்மாள்.

"யோவ்! எங்க மாமனார் தலைமேல என்னய்யா ராம்யொன் கொதிக்குது?"

தோக்யூவின் வாயிலிருந்து நூடுல்ஸ் பாதி வெளியே தொங்கியது.

"அ... அம்மா?"

"அம்மாவா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? இது படையல் கல்லுய்யா! வருஷா வருஷம் அந்தக் கிழவருக்குச் சோறு வைக்கிற கல்லு! அதுல போயி அடுப்பை வெச்சிருக்கியே! ஐயையோ, இங்க பாருங்களேன், காலடியில முளை அடிச்சிருக்கான்!"

அந்த அம்மாள் பெயர் பொக்சிம். அவள் புதரை அரிவாளால் ஒரு வீசு வீசியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. மழையில் கரைந்து தாழ்ந்துபோன ஒரு சமாதி மேடு. அதன் விளிம்பில் தோக்யூவின் முளை, சாய்வாக, மிக நேர்த்தியாக இறங்கியிருந்தது.

தோக்யூ தொப்பென்று முழங்காலில் விழுந்தான். "தெரியாம செஞ்சுட்டேம்மா. சத்தியமா தெரியாது. புல்லு மூடியிருந்துச்சு..."

"பின்னாடி மலை, முன்னாடி தண்ணி, காத்து இல்ல, ஈரம் இல்ல. இப்படி ஒரு இடத்தை இந்த நாட்டுல எவனாவது சும்மா விட்டு வெச்சிருப்பானா? எங்க மாமனார் உசுரோட இருக்கும்போதே மலை மலையா ஏறிப் பாத்துப் பிடிச்ச இடம்யா இது! நீ வந்து ஒரே நாள்ல டென்ட் போட்டுட்டே!"

பெரியவர் தயங்கித் தயங்கி, "போகட்டும் விடு, பாவம்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. உங்கப்பா காலுல முளை." பொக்சிம் இப்போது தாரேயின் பக்கம் திரும்பினாள். "பள்ளிக்கூடத்துல படிக்கிற பொண்ணுதானே நீ? நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

தாரேயின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தோக்யூ அவளைப் பார்த்தான். புதரை விலக்கிவிட்டு அவள் நின்ற நேரம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்ன 'நல்ல இடம்தான்', 'அங்க வேணாமே', எல்லாம் வரிசையாக அவன் மண்டையில் வந்து விழுந்தன. தெரிந்தே விட்டிருக்கிறாள்.

வலித்தது. வலிக்கவில்லை என்று அவனுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். கிடைத்த ஒரே சபாஷும் பொய் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

"குழந்தை சொல்லுச்சும்மா" என்றான் அவன். "வேணாம் வேணாம்னு சொல்லுச்சு. நான்தான் பெரிய இவன் மாதிரி கேக்கல. தப்பு என்னோடதுதான்."

தாரே சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

பொக்சிம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அரிவாளைப் புல்லில் குத்தி நிறுத்தினாள். "சரி, எழுந்திரு. மண்டி போட்டா புல்லு வெட்டுப்படுமா? முதல்ல அந்த முளையெல்லாம் பிடுங்கு. அப்புறம் அவர் வெட்டிப் போடற புல்லை வாரு. நாலு புள்ளைங்க பெத்தாரு மனுஷன். மூணு பேரு சியோல்ல உக்காந்துக்கிட்டு போன்ல வெட்டறாங்க. ஆளுக்குப் பஞ்சமா இருக்கு, வந்தது வந்தே, வேலையைப் பாரு!"

தோக்யூ வாரினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வரைக்கும் வாரினான். தாரே முளைகளைப் பிடுங்கினாள். மேட்டில் அடித்த முளையை மட்டும் மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்து, அந்த ஓட்டையில் கையால் மண்ணைப் போட்டு நிரப்பி, உள்ளங்கையால் அழுத்தினாள். ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

புல் விலக விலக மேடு மறுபடி மேடாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் இருந்தது. அதன் உச்சியிலிருந்தே ஒரு பைன் மரம் முளைத்துக் கை கனத்துக்கு வளர்ந்திருந்தது.

"அது யாரோடது பாட்டி?" என்று தாரே கேட்டாள்.

"யாரோ. நான் மருமகளா வந்தப்போ ரெண்டு பசங்க வந்து வெட்டுவாங்க. அப்புறம் ஒருத்தன்தான் வந்தான். அப்புறம் யாரும் வரல. வரலைன்னா அவ்வளவுதான் கண்ணு, காடாயிடும்."

தாரே அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லைக் கழுவித் துடைத்து, காய்ந்த மீனும் பேரிக்காயும் வைத்து, கிண்ணத்தில் அரிசிக் கள்ளை ஊற்றினார்கள். பெரியவரும் பொக்சிமும் நெற்றி தரையில் பட வணங்கி எழுந்தார்கள். "காலுல முளை அடிச்சதுக்கு நீயும் ஒரு கும்பிடு போடு" என்றாள் பொக்சிம். தோக்யூ போட்டான். அவன் நிமிரும்போது பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகு குனிந்திருந்தது. "மன்னிச்சுக்குங்க தாத்தா" என்று அது புல்லோடு புல்லாக முணுமுணுத்தது.

பொக்சிமின் குரல் இறங்கிவிட்டது. "வெயில் சாயுது, இனிமே எங்க போய் இடம் தேடுவீங்க? கீழே நாங்க மிளகாய் காயப் போடற களம் இருக்கு. சமதரை. அங்க போட்டுக்குங்க. ஆனா கரண்ட்டு கிடையாது, பரவாயில்லையா?"

"அதுதாம்மா வேணும்" என்றான் தோக்யூ.

*

டென்ட்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழி வந்தாயிற்று.

"எனக்குத் தெரியும், அது சமாதின்னு" என்றாள் தாரே, முன்னால் பார்த்தபடி.

"தெரியும்."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒரு திட்டுக்கு ரெண்டு பேர் எதுக்கு? நீ ஏன் சொல்லல?"

"அப்பாவா இருந்தா கண்டுபிடிச்சிருப்பார். நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பாத்தேன்." டென்ட் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றாள். அப்போது அவள் குரல் உடைந்தது.

தோக்யூ டென்ட்டைக் கீழே வைத்தான். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் வரப்பில் உட்கார்ந்தான். அவளும் தள்ளி உட்கார்ந்தாள்.

"தாரே, என்னைப் பிடிக்காமத்தான் பூசான் போறியா? நேரா சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." கட்டாயம் நினைத்துக்கொள்வான், ஆனாலும் கேட்டான்.

அவள் ஆச்சரியத்தோடு அவனைப் பார்த்தாள். "உங்களாலயா? இல்லையே."

"பின்ன?"

"சுசொக்குக்கு அம்மா உங்க பெரியண்ணன் வீட்டுக்கு வரணும்ல. புது மருமக. பண்டிகைக்குப் போடற ஹன்போக் உடுப்புக்குக்கூட அம்மா அளவு குடுத்துட்டாங்க. அத்தை மூத்த மருமக, அவங்க மாமியார் வீட்டை விட்டு அன்னிக்கு நகர முடியாது. போன வருஷம் நானும் அம்மாவும்தான் பூசான் போனோம், அப்பாகிட்ட. இந்த வருஷம் யார் போவா?" கையிலிருந்த இலையைக் கிழித்துக்கொண்டே பேசினாள். "அப்பாவுக்கு மேடு கூட இல்ல, கண்ணாடி மாடத்துக்குள்ள ஒரு சாம்பல் கலசம்தான். பண்டிகை அன்னிக்கு எல்லா மாடத்துலயும் பூ இருக்கும். அப்பாவோடதுல இல்லைன்னா, பக்கத்துல வரவங்க எல்லாம் பாப்பாங்க. நான் பூசான்லயே இருந்தா ஒரே பஸ், நானே போயிடுவேன்."

தோக்யூவுக்கு முதலில் வந்தது நிம்மதி. தன்னால் இல்லை! அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை, அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. பண்டிகைக்கு எந்த ரயில், அண்ணிக்கு என்ன பரிசு, எல்லாம் ஒரு மாதமாக யோசித்தவன், மன்ஹோவுக்குப் பூ யார் வைப்பார்கள் என்று ஒரு தடவை யோசிக்கவில்லை. யொன்சு யோசித்திருப்பாள். புதுக் கணவனிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கியிருப்பாள். பதினொரு வயதுப் பெண் யாரையும் கேட்காமல் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள், வீட்டை விட்டுவிட்டு.

அவன் போனை எடுத்தான்.

"அண்ணா, நான்தான். இந்த சுசொக்குக்கு நாங்க வரல."

பெரியண்ணனின் குரல் மிளகாய் வயலைத் தாண்டிக் கேட்டிருக்கும். "என்னடா வரலையா? புதுப் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரான் என் தம்பின்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்! உங்கண்ணி அரிசியை இடிச்சு வெச்சாச்சு!"

"பூசான் போகணும்ணா. தாரே அப்பாவைப் பாக்க."

"யாரை?"

"அவ அப்பாவை. செத்துப் போனவரை."

குரல் இன்னும் பலமாக வந்தது. "பொண்டாட்டியோட பழைய புருஷனுக்கு நீ போய்க் கும்பிடு போடப் போறியா? அப்போ நம்ம அப்பாவுக்குக் கும்பிட ஆள் வேணாமா?"

"நம்ம அப்பாவுக்கு நீங்க இருக்கீங்கண்ணா. அங்க யாரும் இல்ல."

போன் பட்டென்று அறுந்தது. தோக்யூ அதை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தான். ஐம்பதை நெருங்கியும் பெரியண்ணன் என்றால் அவனுக்கு இன்னமும் பயம்தான்.

தாரே எழுந்து டென்ட்டின் தன் பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பஸ் வந்துடும், வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

*

களத்தில் டென்ட் எழும்பியது. வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம், முளைகள் சாய்வாக. பின்பக்கம் எல்லாவற்றையும் இந்தத் தடவை தோக்யூவே விலக்கிப் பார்த்தான். ஒரு பழைய வாளிதான் இருந்தது.

மலைமுகட்டைச் சூரியன் தொட்டபோது கீழே சாலையில் பஸ் வந்து நின்றது. யொன்சு இறங்கினாள், இரண்டு கையிலும் பாத்திரப் பை. கண் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால், மடிப்புக் கலையாத சட்டையில், தோளில் கைப்பையோடு இன்னொரு பெண் இறங்கினாள்.

"அத்தை?" என்றாள் தாரே.

மன்ஹோவின் அக்கா நேராக வந்து தாரேயை அணைத்துக்கொண்டாள். "மத்தியானம் கடைக்கே வந்துட்டேன். பண்டிகை நெருங்கினா ரயில்ல நிக்கக்கூட இடம் கிடைக்காது கண்ணு. அதான் நாளைக்கே டிக்கெட் போட்டுட்டேன். பள்ளிக்கூடத்துலயும் பேசிட்டேன். காலைல கிளம்பிடலாம்." கைப்பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்தும் காட்டினாள். கெட்டவள் இல்லை அவள். தம்பியின் ஒரே பெண்ணை வேறொருவன் வீட்டில் விட மனசு வராத அக்கா, அவ்வளவுதான்.

யொன்சு பாத்திரப் பையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள்.

தோக்யூ ஒரு அடி முன்னால் வந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பண்டிகைக்கு நாங்களே பூசான் வரோம். மூணு பேரும். மன்ஹோகிட்ட."

யொன்சு திடுக்கிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தையின் முகம் இறுகியது. "நாங்களா? தாரே அம்மா வரட்டும், தாரே வரட்டும். என் தம்பிகிட்ட வர நீங்க யாரு?"

நியாயமான கேள்வி. அவன் அந்தப் பெண்ணுக்கு அப்பாவும் இல்லை, மன்ஹோவுக்கு உறவும் இல்லை. புல் தூசி அப்பிய சட்டையோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அப்பாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறவர்" என்றாள் தாரே.

யொன்சு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிக்கெட்டுகளை நீட்டிய கையை அத்தை மடக்கவும் இல்லை, இன்னும் நீட்டவும் இல்லை.

அப்போது தோக்யூவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பெரியண்ணன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, தாரே அத்தையின் பிடியிலிருந்து விலகி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எடுங்க அங்கிள்" என்றாள். "அடுத்த வருஷம் நாம மூணு பேரும் வரோம்னு சொல்லுங்க."